முப்பத்தாறாம் எண் கையெறி குண்டு

முப்பத்தாறாம் எண் கையெறி குண்டு என்பது முதல் உலகப் போருக்காகப் பிரிட்டனில் உருவாகி, அப்போர் முடிந்து நூறாண்டு கடந்த பின்னும் இந்தியத் தரைப்படையில் பயன்பட்டுவந்த ஆயுதம். இதன் மூல வடிவத்தை 1915இல் கொண்டுவந்தவர் பர்மிங்காம் நகரப் பொறியாளர் வில்லியம் மில்ஸ். அதனால் இதை மில்ஸ் குண்டு என்றும் சொல்வர்.

எடை ஏறத்தாழ 765 கிராம். வார்ப்பிரும்பு ஓட்டின் மேல் கட்டம் கட்டமாகப் பள்ளங்கள் இருக்கும். அன்னாசிப்பழம் போன்றது என்பார்கள். எங்கள் தருமபுரிப் பக்கத்தில் சீத்தாப்பழம் என்றால் உடனே புரியும். ஓடு சீரான துண்டுகளாகச் சிதறுவதற்கே இப்பள்ளங்கள் எனப் பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. சேறு படிந்த கையிலும் வழுக்காமல் பிடிப்பதற்காக அமைந்தவை அவை. ஓடு தன் போக்கில்தான் உடைந்தது. எறியும் தொலைவையும் தாண்டித் துண்டுகள் பறந்ததால், எறிந்தவரும் உடனே மறைவிடம் தேட வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கும் இக்குண்டுக்கும் உள்ள உறவு மெசபொடேமியாவில் (இன்றைய ஈராக்) தொடங்குகிறது. அங்கே பிரிட்டனுக்காகப் போரிட்டவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்கள். அந்நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குவதற்காகக் குண்டுக்கு அரக்குப் பூசினர். இவ்வகை ‘36எம்’ எனப்பட்டது. ‘எம்’ என்பது மெசபொடேமியாவைக் குறிக்கும். உலகச் சந்தைக்கு அன்று அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது.

1947 பிரிவினையில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஆயுதங்கள் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்காகக் குவித்தவற்றில் எஞ்சியவையே புதிய படைகளின் முதல் கையிருப்பு. 16 படைக்கலத் தொழிற்சாலைகளும் இந்திய எல்லைக்குள் அமைந்ததால், இங்கே உற்பத்தி தொடர்ந்தது. 1948 ஜூலையில் காஷ்மீரின் தித்வாலில், துப்பாக்கிக் குண்டுகள் தீர்ந்த நிலையிலும் கையெறி குண்டுகளோடு முன்னேறி உயிர்நீத்த பீரு சிங்குக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. படையில் அப்போது வழக்கிலிருந்தது இந்த வகையே.

பிரிட்டன் 1972இல் இதைக் கைவிட்டது. நாமோ மேலும் அரை நூற்றாண்டு வைத்திருந்தோம். ஏவுகணையும் செயற்கைக்கோளும் செய்த நாட்டில், காலாட்படை வீரருக்கு மட்டும் பாட்டன் காலத்துக் குண்டே போதும் என்றிருந்தது வியப்புதான்.

சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் வடிவமைத்த புதிய குண்டுகள் 10 லட்சம் வாங்க, 2020 அக்டோபர் 1 அன்று நாக்பூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தமானது. 2021 ஆகஸ்ட் 24 அன்று முதல் தொகுதி படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இதன் சிதறல் உறையைத் தனியே கழற்றலாம். மறைவிலிருந்து எறியும்போது உறையோடும், திறந்த வெளியில் முன்னேறும்போது உறையின்றியும் பயன்படுத்துவர்.