சைக்கிளை எங்கே நிறுத்துவது?

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், ஆசிரியைகள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது அவர்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது.

பத்தாண்டு கழித்து, 2001-02இல், தமிழக அரசு மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கியது. பின்னர் மற்ற மாணவிகளும் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2006இல் பீகாரும் மாணவிகளுக்குச் சைக்கிள் திட்டம் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரமே பல பெண்களின் படிப்பை நிறுத்தியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் சைக்கிள் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஓடினால் மட்டும் போதாது. நாள் முழுக்க அது எங்கேயாவது நிற்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வகுப்பறை, தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் சொல்கிறது. வண்டி நிறுத்துமிடத்தைச் சொல்லவில்லை. அது எட்டாம் வகுப்பு வரைக்கான சட்டம்தான். என்றாலும் பள்ளி என்றால் எதெல்லாம் சேர்த்தி என்று நாம் எண்ணுகிறோம் என்பது அதில் தெரிகிறது.

கூரையில்லாத இடத்தில் வெயிலில் டயர் வெடிக்கிறது, மழையில் செயின் துருப்பிடிக்கிறது. நெருக்கியடித்து நிறுத்திய வரிசையில் ஒன்று சாய்ந்தால் பத்தும் சாய்கிறது. சுற்றுச்சுவருக்கு வெளியே நிறுத்தினால் காற்றைப் பிடுங்கிவிடுவதும் வால்டியூபைக் கழற்றுவதும் சீண்டலின் ஒரு வழியாகிறது. பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருட்டிய பின் வீடு சேரலாம். பெண் தாமதமானால் வீட்டில் கேள்வி பிறக்கும். பஞ்சருக்குக் காசில்லாத வீட்டில் வண்டி திண்ணையோடு நின்றுவிடும். அவள் பழையபடி பேருந்துக்குக் காத்திருப்பாள், அல்லது நின்றுவிடுவாள்.

2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க மானியம் வந்தது. ஆசிரியைகளின் ஸ்கூட்டரும் மாணவிகளின் சைக்கிளும் இன்று ஒரே மரத்தடி நிழலுக்குப் போட்டியிடுகின்றன. கொடுத்த வண்டிகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் சொல்லும் அரசு, அவற்றுக்குப் போட்ட கொட்டகைகளின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்கலாம்.