பாய்மரத்துக்குள் ஓடிய செம்பு

'இடி விழுந்து தென்னை கருகிப்போச்சு' என்கிறோம். உண்மையில் விழுவது மின்னல். பழி மட்டும் இடியின் மேல். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு மொழியிலும் இதே கதைதான். இடிதாங்கிக்கு அங்கே 'பாராதொனேர்' என்று பெயர், அதாவது இடியைத் தடுப்பது. ஆங்கிலேயர்தான் மின்னலின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஆனால் அவர்களுடைய போர்க்கப்பல்களுக்குச் சரியான இடிதாங்கி வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

கடலில் பாய்மரத்தைவிட உயரமான பொருள் கிடையாது. ஈரம் ஊறிய மரத்தில் மின்னல் பாய்ந்தால் உள்ளிருக்கும் நீர் நொடியில் ஆவியாகி, மரத்தையே பிளந்துவிடும். கீழே வெடிமருந்து அறை வேறு. இதற்காகச் செம்புச் சங்கிலி ஒன்று கொடுத்திருந்தார்கள். புயல் வரும்போது பாய்மர உச்சிக்கு ஏற்றி, மறுமுனையைக் கடலில் தொங்கவிட வேண்டும். மற்ற நேரங்களில் அது பெட்டிக்குள் கிடக்கும்.

1770 அக்டோபரில் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், நின்றிருந்தது. ஓர் இரவு இடிமழை. பக்கத்தில் நின்ற டச்சுக் கப்பலின் பாய்மரம் மின்னலில் சிதறியது. எண்டெவர் தப்பியது. சற்று முன்புதான் சங்கிலியை ஏற்றியிருந்தார்கள் என்று குக் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் தாமதித்திருந்தால்?

இந்தத் தாமதத்துக்கே இடமில்லாமல் செய்ய நினைத்தவர் பிளிமத் நகரத்து மருத்துவர் வில்லியம் ஸ்னோ ஹாரிஸ். 1820-ஆம் ஆண்டு அவர் சொன்ன யோசனை இது: பாய்மரத்தின் பின்பக்கம் நெடுகக் காடி வெட்டி, செப்புப் பட்டைகளை அதில் பதித்துவிட வேண்டும். அதைக் கப்பலின் அடிமரம் வழியாகக் கொண்டுபோய், பூச்சி அரிக்காமலிருக்க அடிப்புறத்தில் அடித்திருக்கும் செப்புத் தகட்டோடு சேர்க்க வேண்டும். பாய்மரம் ஒரே மரமல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியது. மேல்துண்டை இறக்கி ஏற்றுவார்கள். அப்போதும் தொடர்பு அறாதபடி இணைப்புகளை அமைத்தார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. மின்னலை வலிய அழைக்கிறார் என்றார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவருகிறார் என்றார்கள். ஹாரிஸ் மருத்துவத் தொழிலையே விட்டுவிட்டு, மின்னல் தாக்கிய கப்பல்களின் விவரங்களை ஒவ்வொன்றாகத் திரட்டினார். 'இடி மின்னல் ஹாரிஸ்' என்று கேலிப்பெயர்கூட வந்தது.

சோதனைக்காக இந்தச் செம்பைப் பொருத்திய கப்பல்களில் ஒன்று பீகிள். 1831 கடைசியில் டார்வினை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1836-இல் திரும்பியது. வழியில் மின்னல் தாக்கியபோது பாய்மரங்களில் சீறல் ஒலி கேட்டதாகவும், சேதம் ஒன்றும் இல்லை என்றும் கேப்டன் ஃபிட்ஸ்ராய் சாட்சி சொன்னார்.

அப்படியும் கோப்பு நகரவில்லை. 1839-இல் விசாரணைக் குழு போட்டார்கள். முதல் யோசனைக்கும் கடற்படை முழுமனதோடு ஏற்றதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. 1847-இல் ஹாரிஸுக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்கள். கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு இந்தத் தாமதம் வியப்பாக இல்லை. ஆனால் அந்தக் கோப்பு மேசையில் கிடந்த நாட்களில் கடலில் மாலுமிகள் இருந்தார்களே, அதுதான் உறுத்துகிறது.

இன்றைய பாய்மரப் படகுகளில் அலுமினியக் கம்பமே மின்னலுக்கு வழிவிடும். அதற்குள் தனிக் குழாய் வைத்து, உச்சியிலுள்ள காற்றுமானி, வானொலி, விளக்கு இவற்றின் கம்பிகளை இறக்குகிறார்கள். புயலில் யாரும் எதையும் மேலே ஏற்ற வேண்டியதில்லை. ஹாரிஸ் கேட்டதும் அவ்வளவுதான்: ஆபத்து வந்தபிறகு பெட்டியைத் தேடும் நிலை இருக்கக் கூடாது.