மூட்டின் தேய்மானம்: தந்தம் முதல் டைட்டானியம் வரை

தேய்மானம் என்றதும் வணிகவியல் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது கணக்குப் புத்தகம்தான். வாங்கிய இயந்திரம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பிழந்து, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். மனித உடலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டும் தேயத்தான் செய்கிறது. ஆனால் அதிலிருந்து உதிரும் துகள்கள் கடைக்குப் போவதில்லை, உடம்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. செயற்கை மூட்டின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தத் துகள்களோடு நடந்த போராட்டம்தான்.

தொடக்கம் ஜெர்மனியில். 1890ல் தெமிஸ்டாக்லஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்கால் மூட்டுக்குப் பதிலாக யானைத் தந்தத்தில் செய்த மூட்டைப் பொருத்தினார். கிருமித் தொற்று அந்த முயற்சியைத் தோற்கடித்தது. ஆனால் வழி ஒன்று திறந்துவிட்டது.

அந்த வழியில் வெற்றி கண்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அவரும் முதலில் தோற்றவர்தான்! 1950களின் இறுதியில் இடுப்பு மூட்டின் கிண்ணத்தை டெஃப்லானில் செய்து சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்து, துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைக் கெடுத்தன. மீண்டும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை.

1962ல் நெசவு இயந்திரங்களுக்குப் பற்சக்கரம் செய்யப் பயன்பட்ட ஒருவகைப் பாலிதீன், ஒரு விற்பனையாளர் மூலம் சார்ன்லியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. உதவியாளர் ஹாரி கிரேவன் அதைச் சோதனை இயந்திரத்தில் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு, இது மூன்று வாரத்தில்கூடத் தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எவர்சில்வர் பந்து, பாலிதீன் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிடித்து வைக்கப் பல் மருத்துவத்திலிருந்து வந்த அக்ரிலிக் சிமெண்ட். ஆனாலும் சார்ன்லி அதை உடனே கடைச் சரக்காக்கவில்லை. தன்னிடம் பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கு மட்டும் பல ஆண்டுகள் கொடுத்து, விளைவைக் கவனித்தார்.

சரி, நம் பக்கம் வருவோம். எலும்புப் புற்றுநோய் வந்தால் காலை எடுப்பதுதான் வழி என்றிருந்த காலத்தில், சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் 1980களின் இறுதியில் மாற்று வழியைத் தொடங்கினார். கட்டி இருந்த எலும்புப் பகுதியை நீக்கிவிட்டு, அந்த நோயாளியின் அளவுக்கென்றே செய்த உலோக எலும்பைப் பொருத்தும் முறை. முதலில் எவர்சில்வர், பின்னர் எடை குறைந்த டைட்டானியம். 2007ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்நோய் பதின்ம வயதினரையே அதிகம் தாக்குகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொருத்தும் உலோகம் எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம் உலோகத்தோடேயே உரசும் ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டை, ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிபியூ நிறுவனம் 2003 முதல் விற்றது. ஐந்து ஆண்டுக்குள் வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு மறு அறுவை தேவைப்படுவதை ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 பேர். அவர்களில் 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றது 2018ல் வெளிவந்த மத்திய நிபுணர் குழுவின் அறிக்கை. ரத்தத்தில் உலோகம் கலக்கும் அபாயத்தை அவர்களிடம் சொல்லக்கூட வழியில்லை. ஸ்வீடன் 1975லேயே முழங்கால் மூட்டுகளுக்குப் பதிவேடு தொடங்கிவிட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று புதிய பொருட்கள் வரிசையாக வருகின்றன. எலும்பு உள்ளே வளர்ந்து பற்றிக்கொள்ள இடம் தரும் முப்பரிமாண அச்சு டைட்டானியம், வேலை முடிந்ததும் கரைந்துபோகும் மக்னீசியத் திருகு, எலும்போடு ஒட்டும் உயிர்க்கண்ணாடி எனப் பட்டியல் நீளும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம் எலும்புக் குழிகளை நிரப்பும் பீங்கான் வகைப் பொருட்களை உருவாக்கியுள்ளது. எல்லாம் மகிழ்ச்சியே. ஆனால் எந்தப் பொருளும் ஆய்வுக்கூடத்தில் மட்டும் தேறிவிடுவதில்லை. பத்து, இருபது ஆண்டு கழித்து உடம்புதான் தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பை எழுதி வைக்க ஆள் வேண்டும்.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய் (வரி தனி) என்று நிர்ணயித்தது. எல்லோரும் பேசியது விலையைப் பற்றி. அதே உத்தரவில் இன்னொரு விஷயமும் இருந்தது: மருத்துவமனை ரசீதில் மூட்டின் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுதி எண் எல்லாம் தனியாகக் குறிப்பிட வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டிக்கு மூட்டு மாற்றியிருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே பத்திரமாக வையுங்கள். நாளை ஒரு மூட்டைத் திரும்பப் பெறுவதாகச் செய்தி வந்தால், அது நம் வீட்டு மூட்டா என்று பார்க்க அந்த எண்தான் உதவும்.