ஏட்டில் ஏறாத மக்கள்

போர்களைப் பற்றி எழுதப்படும் நூல்கள் வென்றவர் பெயரைப் பொறிக்கின்றன. மாண்டவர் தொகையையும் ஓரளவு குறிக்கின்றன. வெல்லாமலும் மாளாமலும், ஓர் இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குழந்தை குட்டிகளுடன் வெளியேறிய மக்களை மட்டும் அவை பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அவ்வாறு வெளியேறியவர் நாட்டின் எல்லையைக் கடந்து அயல்நாடு சென்றால் ‘அகதி’ என்னும் பெயரேனும் கிடைக்கும். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒரு மாவட்டத்தை விட்டு மற்றொரு மாவட்டத்துக்கு ஓடினால் அப்பெயரும் இல்லை. 1951-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை, தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரையே அகதி என்று வரையறுத்தது. நாட்டுக்குள்ளே அலைந்தவருக்கு அதில் இடமில்லை.

இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடுகளோடு காலங்கழிக்கும் நமக்கு இங்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. காஜிப்பேட்டையில் ஒரு பார்சலைப் பதிவு செய்தால் அதற்கு ரசீது உண்டு. புறப்பட்ட நிலையத்தின் ஏட்டில் ஒரு வரி. சேர்ந்த நிலையத்தின் ஏட்டில் ஒரு வரி. இரண்டும் ஒத்துவராவிடின் கடிதத்தின்மேல் கடிதம் எழுதித் தேடுகிறோம். உரியவர் வந்து பெற்றுக்கொள்ளாத சரக்குக்கும் தனிப் பதிவு வைக்கிறோம். உயிருக்கு அஞ்சி ஓடிய ஒரு குடும்பத்துக்கோ புறப்பட்ட இடத்திலும் பதிவில்லை. வந்து சேர்ந்த இடத்திலும் பதிவில்லை. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத்தின் வரலாறே போதுமானது.

எல்லையை நோக்கி ஓடியவர்

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடு விடுதலை பெற்றபோது ஐதராபாத் நிஜாம் இந்திய ஒன்றியத்தில் சேரவில்லை. அவருடைய சமஸ்தானம் சிறியதன்று. பரப்பு சுமார் 82,000 சதுர மைல், மாவட்டங்கள் 16, 1941-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை 1 கோடியே 63 லட்சம். தெலுங்கரும், மராத்தியரும், கன்னடியரும், உருது பேசுவோரும் கலந்து வாழ்ந்த நாடு அது. அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் நாள், இருக்கும் நிலையை ஓராண்டுக்கு மாற்றுவதில்லை என்று இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒப்பந்தம் தாளில் இருந்தது. ஊர்களில் அமைதி இல்லை. காசிம் ரஜ்வியின் தலைமையில் ரஜாக்கர் படையினர் சிற்றூர்களில் புகுந்து கொள்ளையும் கொலையும் புரிந்தனர். மற்றொரு புறம், 1946 முதல் நடந்துவந்த தெலங்கானா உழவர் கிளர்ச்சியும் அதை அடக்கும் முயற்சியும் ஊர்களைக் கலக்கின.

அஞ்சிய மக்கள் எல்லையை நோக்கிப் பெயர்ந்தனர். கிழக்கே சென்னை மாகாணத்தின் பெஜவாடா. மேற்கே பம்பாய் மாகாணத்தின் சோலாப்பூர். மாட்டு வண்டியிலும், கால்நடையாகவும், நிஜாம் அரசின் இரயில் வண்டிகளிலும் சென்றனர். இரயிலும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1948 மே 22-ஆம் நாள் குல்பர்காப் பகுதியிலுள்ள கங்காபூர் நிலையத்தில் சென்னை–பம்பாய் மெயில் வண்டி தாக்கப்பட்டது.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் நிகழ்ந்தது. பிரிவினைக் காலக் கொடுமைகளைக் கேட்டு நடுங்கிய முஸ்லிம் குடும்பங்கள், அண்டை மாகாணங்களிலிருந்து நிஜாமின் நாட்டுக்குள் புகலிடம் தேடி வந்தன. ஒரே சாலையில் எதிரெதிராக இரு சாரார் அஞ்சி ஓடிய காலம் அது.

வெற்றிக்குப் பின்

1948 செப்டம்பர் 13-ஆம் நாள் மேஜர் ஜெனரல் ஜெ. என். சௌதுரியின் தலைமையில் இந்தியப் படை உட்புகுந்தது. 17-ஆம் நாள் நிஜாம் பணிந்தார். போர் ஐந்து நாளில் முடிந்தது, துன்பம் முடியவில்லை. ரஜாக்கர் செய்த தீமைகளுக்குப் பழி, அவர்களோடு எத்தொடர்பும் இல்லாத எளிய முஸ்லிம் மக்கள்மீது விழுந்தது.

இதனை ஆராயப் பிரதமர் நேருவின் விருப்பப்படி பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கபார், மௌலானா அப்துல்லா மிஸ்ரி ஆகியோர் அனுப்பப்பட்டனர். 1948 நவம்பர் இறுதி முதல் டிசம்பர் 21 வரை 16 மாவட்டங்களுள் ஒன்பதில் சுற்றினர். நேரில் செல்ல இயலாத 109 சிற்றூர்களைச் சேர்ந்த 500-க்கு மேற்பட்டோரிடம் வாய்மொழி கேட்டனர். உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் ஆகிய நான்கு மாவட்டங்களில் கேடு மிகுதி எனக் கண்டனர். குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது அவர்தம் மதிப்பீடு. அவ்வறிக்கையை அரசு வெளியிடவில்லை. 2013-ஆம் ஆண்டளவில்தான் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

மாண்டவருக்கு இவ்வாறு ஒரு மதிப்பீடாவது உண்டு. பிழைத்து ஓடியவருக்கு? மாவட்டங்களிலிருந்து பலர் ஐதராபாத் நகருக்குள் வந்து அடைந்தனர். 1941-இல் சுமார் 7 லட்சமாக இருந்த நகர மக்கள் தொகை 1951-இல் 10 லட்சத்தைக் கடந்தது. இந்த வளர்ச்சியில் வேலை தேடி வந்தவர் எத்தனை பேர், உயிர் தேடி வந்தவர் எத்தனை பேர் என்பதை அந்த எண் பிரித்துக் காட்டவில்லை.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1951-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் ‘இடம்பெயர்ந்தோர்’ என்று ஒரு கேள்வி இருக்கவே செய்தது. ஆனால் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து 1947 மார்ச்சு முதல் நாளுக்குப் பின்னும், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து 1946 அக்டோபர் 15-க்குப் பின்னும் வந்தவர்க்கே அப்பெயர் உரியது. லாகூரிலிருந்து வந்தவர் இடம்பெயர்ந்தவர். உஸ்மானாபாத்திலிருந்து வந்தவர் வெறும் குடியிருப்பவர். இருவரும் விட்டு வந்தது வீடுதான். இருவரும் அஞ்சியது சாவுக்குத்தான். ஒருவர் ஏட்டில் ஏறினார், மற்றவர் ஏறவில்லை.

காட்டு மக்களின் கதை

தெலங்கானாக் கிளர்ச்சி காடுகளுக்குள் புகுந்தபோது கோயா மக்களும் இடம்பெயர நேர்ந்தது. கிளர்ச்சிக்காரர்க்கு உணவும் ஒதுக்கிடமும் கிடைக்கலாகாது என்று, 1949–50-இல் வாரங்கல் மாவட்டக் காடுகளில் சிதறிக் கிடந்த சிற்றூர்களைக் கலைத்து, மக்களை ஓரிடத்தில் திரட்டி அரசு குடியமர்த்தியது. 1951 அக்டோபரில் அக்கிளர்ச்சி கைவிடப்பட்டது.

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே இனத்தாரின் உறவினர் மீண்டும் ஓடினர். 2005 ஜூன் திங்களில் சத்தீஸ்கரின் தந்தேவாடா மாவட்டத்தில் ‘சல்வா ஜூடும்’ என்னும் இயக்கம் தோன்றியது. மாவோயிஸ்டுகளை எதிர்ப்பதற்கென்று அரசின் ஆதரவோடு நடந்த அவ்வியக்கத்துக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் இடையே சிக்கி 600-க்கு மேற்பட்ட ஊர்கள் நிலைகுலைந்தன. சிலர் சாலையோர முகாம்களில் அடைபட்டனர். பல்லாயிரவர் தெற்கே நடந்து அந்நாளைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம், வாரங்கல் காடுகளை அடைந்தனர். இங்குள்ளோர் அவர்களைக் ‘குத்தி கோயா’ என்பர். 2011 ஜூலை 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பழங்குடி இளைஞர்க்குத் துப்பாக்கி கொடுத்துப் போரில் இறக்கியது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் பலர் ஊர் திரும்ப இயலவில்லை.

அவர்கள் மிளகாய்த் தோட்டங்களில் கூலி வேலை செய்கின்றனர். சொந்த மாநிலத்தில் பழங்குடியினர். இங்கே அச்சான்றிதழ் கிடைப்பதில்லை. வன உரிமைச் சட்டமோ 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்தவர்க்கே உரிமை தருகிறது. அவர்களிற் பெரும்பாலோர் ஓடிவந்ததே அந்நாளை ஒட்டியும் அதற்குப் பின்னருமே. அஞ்சி ஓடிய நாள் ஏட்டில் இல்லாததால், சட்டத்தின் நாள் அவர்க்கு எதிராக நிற்கிறது. இவர்களை ஊர்வாரியாகக் கணக்கெடுக்குமாறு தேசியப் பழங்குடியினர் ஆணையம் மாநிலங்களைக் கேட்டது 2019-ஆம் ஆண்டில்தான்.

இதற்கு மாறாக, 1990-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை விட்டு வந்த பண்டிதர் குடும்பங்கள் ஜம்முவில் பெயர் பதிந்தன. அவர்தம் துயரம் பதிவினால் ஆறிவிடவில்லை. எனினும் மாதந்தோறும் உதவித்தொகையும் அரிசியும் பெற அப்பதிவே வழி செய்தது.

எண்ணே உணவாகும் இடம்

எண்ணிக்கை எத்துணைப் பெரிய பொருள் என்பதை ஈழத்தைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னிப் போர்க்களத்தில் சிக்கியிருப்போர் சுமார் 70,000 பேரே என்று இலங்கை அரசு கூறியது. அங்கிருந்த அரசு அலுவலரோ மூன்று லட்சத்துக்கு மேல் எனக் கணக்கு அனுப்பினர். உணவும் மருந்தும் சிறிய எண்ணைப் பார்த்தே அளந்து அனுப்பப்பட்டன. மே திங்களில் போர் முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவரோ 2,80,000-க்கும் மேற்பட்டோர். தாளில் இல்லாத இரண்டு லட்சம் பேர் களத்தில் பசித்திருந்தனர் என்பதே இதன் பொருள்.

முகாம் மூடப்பட்டதும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள், தம் ஊர் இராணுவத்தின் கையில் இருந்தமையால் வேறோரிடத்துக்கே அனுப்பப்பட்டனர். அதுபோலவே, 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் பல்லாண்டு காத்திருந்தனர். அவர்களும் தமிழ் பேசுவோரே என்பதை நாம் மறத்தலாகாது.

உலகம் விழித்தெழக் காலதாமதம் ஆயிற்று. 1992-இல் சூடான் நாட்டுப் பிரான்சிஸ் டெங் என்பவரை ஐக்கிய நாடுகள் சபை இப்பணிக்கு அமர்த்தியது. 1998-இல் அவர் அளித்த வழிகாட்டும் நெறிமுறைகள், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரும் முழு உரிமையுள்ள குடிமக்களே என்று உரைத்தன. அவ்வாண்டே நார்வே அகதிகள் மன்றம் ஜெனீவாவில் ஒரு கண்காணிப்பு மையத்தை நிறுவியது. அம்மையத்தின் கணக்குப்படி 2024-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து வாழ்ந்தோர் 8 கோடியே 34 லட்சம். அவருள் போரினாலும் வன்முறையினாலும் பெயர்ந்தவர் 7 கோடியே 35 லட்சம். முகாமில் இருப்பவரை எண்ணுதல் எளிது. உறவினர் வீட்டுத் திண்ணையிலும் நகரத்துச் சேரியிலும் கலந்துவிட்டவரை எண்ணுதல் அரிது. ஆதலின் உண்மைத் தொகை இதனினும் மிகுதியாகவே இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. ஆயினும் பணி ஆணையும் பயணச் சீட்டும் கையில் கொண்டு வந்தோம்; விடுமுறைக்கு ஊர் திரும்ப வண்டியும் உண்டு. ஆகவே இல்லாதவர் நிலையை எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு மிகுதி. 1948-ஐக் கண்ட முதியோர் இந்நகரில் இன்னும் சிலர் உள்ளனர். எம்மொழியினராயினும், எம்மதத்தவராயினும், அவர்களிடம் நம் இளைஞர்கள் சென்று, எந்த ஊரிலிருந்து, எந்தத் திங்களில், யார் யாருடன் வந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். கம்மம் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வருவோரைக் கண்டால், அந்நியர் என்று ஒதுக்காமல் அவர்தம் ஊர்ப் பெயரைக் கேட்டறிதல் வேண்டும்.

ஓர் ஊரின் பெயரையும், ஓர் ஆண்டையும், ஒரு குடும்பத்தாரின் பெயர்களையும் எழுதப் பெரும்புலமை வேண்டுவதில்லை. எழுத்தறிந்தார் அனைவர்க்கும் இயல்வதே. அவ்வேடு இன்று அரிசிக்கும், நாளை நிலத்துக்கும், என்றேனும் ஒரு நாள் நீதிக்கும் சான்றாகும்.