காப்ளர்: ஜவ்வாது மலைக் கனிகளும் சாமை மாவும்

காப்ளர் என்பது புளிப்பான பழத்தைச் சர்க்கரையோடு ஆழமான பாத்திரத்தில் பரப்பி, அதன்மேல் மாவைத் திட்டுத்திட்டாக வைத்து ஓவனில் சுடும் அமெரிக்கப் பலகாரம். அடியில் பழம் குழைந்து கொதிக்கும், மேலே மாவு உப்பிப் பொன்னிறமாகும். இரண்டும் சேரும் இடத்தில் பாதி வெந்த மாவு பழச்சாற்றை உறிஞ்சிக் களிபோல் கிடக்கும். ருசியறிந்தவர்கள் கரண்டியை முதலில் விடுவது அங்கேதான்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது அமெரிக்காவில் பரவலாகிவிட்டது. ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட் தொகுத்த அமெரிக்க வழக்குச் சொல் அகராதியின் 1859ஆம் ஆண்டுப் பதிப்பில் காப்ளருக்குத் தனிப் பதிவு இருக்கிறது. மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போன குடியேறிகளிடம் சூளையும் இல்லை, மாவைத் தேய்த்து விரிக்கப் பலகையும் இல்லை. மூடியுள்ள கனத்த இரும்புச் சட்டி இருந்தது. அதைக் கனலில் வைத்து, மூடியின்மேலும் கனலை அள்ளிப் போட்டார்கள். உள்ளே வழியில் பறித்த பெர்ரிப் பழங்கள், மேலே கையால் கிள்ளிப் போட்ட மாவு. ஒழுங்கான ஓரம், மெல்லிய அடித்தட்டு என்று ‘பை’ கேட்கும் கைத்திறன் எதையும் காப்ளர் கேட்பதில்லை. தென் மாநிலங்களில் இன்னொரு முறை உண்டு. தட்டில் வெண்ணெயை உருக்கி, நீர்த்த மாவை ஊற்றி, மேலே பழத்தைத் தூவிவிடுவார்கள். வேகும்போது மாவு எழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளும்.

ஜவ்வாது மலையில் இது மரபு உணவு அன்று. மலைக்கிராமச் சமையலில் ஓவன் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் இந்தப் பலகாரத்துக்கு வேண்டியவை இரண்டே: சாற்றைக் கூழாக்கும் பெக்டின் நிறைந்த புளிப்புப் பழமும், இழுவைத்தன்மை குறைந்த மாவும். இரண்டும் அந்த மலையில் இருக்கின்றன. கேக்கும் ரொட்டியும் சாமை மாவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் இடத்தில், காப்ளர் அதோடு சுலபமாக ஒத்துப்போகிறது. சிறுதானியத்தில் கேக் செய்து பார்த்து அலுத்தவர்கள் முதலில் இதைச் செய்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மலையும் காடும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. மலைமேல் உள்ள முக்கிய ஊர் ஜமுனாமரத்தூர். வைணு பாப்பு வானாய்வகம் அமைந்த காவலூரும் இம்மலையில்தான் இருக்கிறது. ஆய்வகத்தின் உயரம் ஏறக்குறைய 725 மீட்டர். இங்கு வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவர்களுடைய வாய்மொழி வரலாறு சொல்கிறது.

இந்த உயரமும் மழையும் ஸ்ட்ராபெர்ரிக்கும் புளூபெர்ரிக்கும் ஏற்றவை அல்ல. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கிடைக்கும் தவிட்டுப்பழத்தையும் இங்கே எதிர்பார்க்க முடியாது. இது இலையுதிர் காடும் முட்புதரும் கலந்த நிலம். இதன் கனிகள் சிறியவை, கொட்டை மிகுந்தவை, புளிப்பும் துவர்ப்பும் தூக்கலானவை. சுடுவதற்கு அதுவே நல்லது. வெறும் இனிப்புப் பழம் சூட்டில் சப்பென்று ஆகிவிடும்.

கனிகள்

களா. காப்ளருக்கு முதலில் தேட வேண்டிய கனி. தோட்டங்களில் வேலியோரம் வளர்ப்பது பெருங்களா (காரிசா கரண்டாஸ்), காட்டுப் புதர்களில் தானாக வளர்வது சிறுகளா (காரிசா ஸ்பைனாரம்). முள்செடி, மல்லிகை போன்ற வெள்ளைப் பூ, கிள்ளினால் பால் வடியும் காம்பு. காய் பச்சையும் இளஞ்சிவப்புமாக இருக்கையில் ஊறுகாய்க்குப் போகும். கோடையின் முடிவிலிருந்து ஆடி வரை பழுத்துக் கருஞ்சிவப்பாகி, பிறகு கறுக்கும். தாவரவியல் இலக்கணப்படியும் இது சரியான பெர்ரிதான். ஒரே சூலகத்திலிருந்து உண்டாகி, தோல் முதல் விதை வரை சதையாகவே இருப்பது. அந்த இலக்கணத்தின்படி கத்தரிக்காயும் பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி அல்ல.

களாவைப் பேக்கரிக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை, அது வேறு பெயரில் எப்போதோ நுழைந்துவிட்டது. நம் ஊர்க் கேக்கின் உச்சியிலும் பன்னின் நடுவிலும் சிவப்பாகப் பளபளக்கும் ‘செர்ரி’ பெரும்பாலும் விதை நீக்கிச் சாயமேற்றிய களாக்காய்தான். காயை உப்புநீரில் ஊறப்போட்டு, நிறம் போக்கி, சிவப்பு ஏற்றி, சர்க்கரைப் பாகின் அடர்த்தியை நாளுக்கு நாள் கூட்டி அதில் ஊறவிடுவார்கள். இவ்வளவு பாடுபட்டு அதன் புளிப்பையும் சொந்த நிறத்தையும் வெளியேற்றிவிட்டு, பிறகு அதற்குச் செர்ரியின் பெயரை வைப்பது அந்தப் பழத்துக்குச் செய்யும் அநியாயம். காப்ளரில் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நாவல். ஆனி, ஆடி மாதங்களில் உதிரும். ஔவையாரிடம் மாடு மேய்க்கும் சிறுவன் சுட்டதா சுடாததா என்று கேட்ட கதையில் வரும் பழம் இதுவே. காப்ளரில் சந்தேகத்துக்கு இடமில்லை, சுட்ட பழம்தான். நாவலில் நிறமும் மணமும் உண்டு, பெக்டின் களாவை விடக் குறைவு. துவர்ப்பு சூட்டில் போகாது, ஒரு சிட்டிகை உப்பு அதை அடக்கும். பழத்தை உப்புநீரில் அலசி, கையால் பிசைந்து கொட்டையை எடுப்பதே எளிய வழி. ஒரு பங்கு களாவுக்கு இரண்டு பங்கு நாவல் என்று கலந்தால், ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும்.

மணத்தக்காளி. கீரைக்காகவே தமிழ்நாடு இதை அறியும், வற்றலுக்காகக் காயைப் பறிக்கும். பழத்தைச் சிறுவர்கள்தான் கவனிக்கிறார்கள். அமெரிக்காவில் இதன் நெருங்கிய உறவுச் செடிக்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. செடி ஒட்டுக்கலப்பில் பேர்பெற்ற லூதர் பர்பாங்க் உருவாக்கியதாகச் சொல்லப்பட்ட ‘வொண்டர்பெர்ரி’ 1909இல் பெரும் விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தது. அது சாலையோரக் களையான கறுப்பு மணத்தக்காளியே என்று எதிர்ப்பாளர்கள் கிளம்ப, விவசாயப் பத்திரிகைகளில் சண்டை மூண்டது. சண்டை ஒருபுறம் இருக்க, இந்தக் குடும்பத்துக் கறுப்புக் கனிகளைச் சர்க்கரையோடு சுட்டுச் சாப்பிடும் வழக்கம் அங்கே ரஷ்யாவிலிருந்து குடியேறிய ஜெர்மானியர்களின் வீடுகளில் நிலைத்துவிட்டது. முழுவதும் பழுத்ததை மட்டுமே எடுக்க வேண்டும். பச்சைக் காயில் சோலனின் என்ற நச்சு உண்டு. இனிப்பு அதிகம், புளிப்பு போதாது, எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டியிருக்கும்.

இலந்தையும் சூரையும் பனிக்காலத்துக் கனிகள். சதை குறைவு, மாவுத்தன்மை அதிகம். இவற்றைச் சுடுவதைவிட வெல்லமும் புளியும் மிளகாயும் சேர்த்து இடித்து இலந்தை வடையாக உலர்த்துவதே அறிவு, அதில் நம்மவர்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். காரைப்பழம் வாயில் போட்டு மெல்லத்தான் ஏற்றது. மலையில் தாராளமாக விளையும் சீதாப்பழத்தை இந்தப் பலகாரத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது, சூடேறினால் அதன் சதை கசந்துவிடும். உண்ணிச்செடியின் கருநீலப் பழத்தையும் விட்டுவிடுவது நல்லது. அதன் காயில் நச்சு இருக்கிறது, பறிப்பவர் கண்ணுக்குக் காயும் பழமும் ஒரே கொத்தில்தான் தெரியும்.

காட்டுக் கனிகளைப் பறிப்பது மலைவாழ் மக்களின் உரிமையோடு தொடர்புடையது. சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உறுதிசெய்கிறது. வெளியூரிலிருந்து வருபவர் கூடையோடு காட்டுக்குள் இறங்குவதைவிட, சாலையோரம் கூறுகட்டி விற்பவர்களிடம் வாங்குவதே முறை.

சாமை மாவு

ஜவ்வாது மலையின் தானியம் சாமை. மானாவாரியாக, மலைச்சரிவில் விளைவது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது. ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்தது. சாமையில் குளூட்டன் இல்லை. மைதாவைப் பிசைந்தால் நூல்போல் இழுபடுவதற்குக் காரணம் இந்தப் புரதம்தான். ரொட்டிக்குள் காற்றைப் பிடித்து நிறுத்துவதும் அதுவே. அது இல்லாததால் சாமை ரொட்டி எழும்பாமல் வெடித்து உதிர்கிறது.

காப்ளரின் மேல்மாவு எழும்பி நிற்கத் தேவையில்லை. உதிர்வதுதான் அதன் லட்சணம். மைதாவில் செய்பவர்கள்கூட மாவை அதிகம் பிசையக் கூடாது என்று எச்சரிக்கப்படுவது குளூட்டன் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே. சாமை மாவுக்கு அந்தப் பயம் இல்லை. அதன் சிக்கல் வேறு: தண்ணீரை மெதுவாக உறிஞ்சும், அவசரப்பட்டால் வெந்தபின் நறநறக்கும். எனவே சாமையைக் கழுவி, ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிஷினில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். மாவை மோரில் கால் மணி நேரமாவது ஊறவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு சேர்த்தால் விள்ளல் உடையாமல் கரண்டிக்கு வரும். கோதுமை ஆகாதவர்கள் அதற்குப் பதிலாக ஒரு முட்டை சேர்க்கலாம், ஆனால் மோரைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

சுடும் முறை

சுமார் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பாத்திரத்துக்கான அளவு இது. கொட்டை நீக்கிய களாவும் நாவலும் சேர்த்து 500 கிராம், சர்க்கரை 130 கிராம், மக்காச்சோள மாவு ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மேல்மாவுக்குச் சாமை மாவு 100 கிராம், கோதுமை மாவு 50 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், மோர் 100 முதல் 120 மில்லி. வெல்லம் போடுவதற்குத் தடையில்லை, ஆனால் நாவலின் ஊதா நிறம் அதில் மங்கும். சர்க்கரையில் ஒரு பகுதிக்கு மலைத்தேன் சேர்த்தால் மேற்பரப்பு சீக்கிரம் சிவக்கும் என்பதால் சூட்டைக் குறைக்க வேண்டும். தேனும் தினைமாவும் சேர்ந்த சுவைக்குப் பழகிய நாக்குக்குத் தேனும் சாமையும் அந்நியமாகத் தெரியாது.

களாவைக் கீறியதும் உப்புநீரில் போட்டால் பால் போய்விடும். நன்றாகப் பழுத்ததில் பால் குறைவு. பழத்தைச் சர்க்கரையோடும் மக்காச்சோள மாவோடும் புரட்டி, அடுப்பில் ஒரு கொதி வரும்வரை சூடாக்கிக்கொள்வது நல்லது. குளிர்ந்த பழத்தின்மேல் மாவை வைத்தால் அதன் அடிப்பக்கம் வேகாது. வெண்ணெயை இரண்டு மாவுகளிலும் விரல்நுனியால் உதிர்த்து, மோர் ஊற்றிக் கிளறி ஊறவிட்டு, பேக்கிங் பவுடரைக் கடைசியில் கலந்து, இடைவெளி விட்டுக் கரண்டியால் வைக்க வேண்டும். அந்த இடைவெளி வழியேதான் ஆவி வெளியேறும். முன்பே சூடேற்றிய ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 35 முதல் 45 நிமிடம். மேலே பொன்னிறமானால் மட்டும் போதாது, நடுவிலும் சாறு கெட்டியாகிக் கொப்பளிக்க வேண்டும். மக்காச்சோள மாவு வெந்ததற்கு அதுவே அடையாளம்.

ஓவன் இல்லாத வீட்டில் குக்கர் போதும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, தண்ணீர் ஊற்றாமல் பத்து நிமிடம் காயவிட்டுப் பாத்திரத்தை இறக்கலாம். மேல்சூடு கிடைக்காததால் நிறம் வெளிறித்தான் இருக்கும். அதைவிடப் பழைய வழி, கனத்த சட்டியின் மூடிமேல் விறகுக் கனலைப் பரப்புவது. அமெரிக்கக் குடியேறிகள் செய்ததும் இதுவே. களாவும் நாவலும் அமிலம் மிகுந்தவை என்பதால் உட்பாத்திரம் எவர்சில்வரோ பீங்கானோ ஆக இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம்.

மோர் இருக்கிறதே என்று சமையல் சோடாவைத் தாராளமாகப் போடுபவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். நாவலுக்கும் களாவுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின். அமிலத்தில் சிவக்கும் இந்த நிறமி காரம் பட்டால் நீலமாகும், அதற்கு மேல் பச்சையாகும். சோடா கூடினால் சாறு தொட்ட மாவெல்லாம் பாசி பிடித்ததுபோல் ஆகிவிடும். கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம், ஆனால் விருந்தாளியை நம்பவைப்பது கடினம். அமிலமும் காரமும் சரியளவில் கலந்த பேக்கிங் பவுடரில் இந்தத் தொல்லை குறைவு.

இறக்கியதும் பரிமாறினால் சாறு தண்ணீராக ஓடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் களாவின் பெக்டின் சேர்ந்து கூழாக நிற்கும். பழுத்த களா பறித்த இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும், நாவல் அதைவிடச் சீக்கிரம். கொட்டை நீக்கிச் சர்க்கரையில் புரட்டிய சதையை ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அப்படி வைத்த பழத்தை உருகவிடாமல் நேராகச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்து, மக்காச்சோள மாவை அரைக் கரண்டி கூட்டிக்கொள்ள வேண்டும்.