ஏரியைக் காக்கும் செலவு யாருடையது?

சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆலங்காயம். மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, ஏரிகளை நிரப்பி, எஞ்சியது பாலாற்றை நோக்கிச் செல்லும். பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. எனவே இவ்வட்டாரத்தின் உயிர் ஏரிகளிலும் கிணறுகளிலுமே இருக்கிறது. ஓர் ஏரியை அமைப்பது ஒரு தலைமுறையின் வேலை. அதனைக் காப்பதோ எல்லாத் தலைமுறைகளின் வேலை. கரை கரையும், மதகு பழுதாகும், வண்டல் படியும். இவற்றைச் சீர்செய்யும் செலவு யாருடையது? இக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளைச் சற்றே ஆராய்வோம்.

ஊரே பொறுப்பு என்பது பழைய விடை. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைக் கண்காணிக்கவென்றே குடவோலை முறையில் ‘ஏரி வாரியம்’ தேர்ந்தெடுக்கப்பட்டதை அவை கூறுகின்றன. ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. பிற்காலத்தில் வட ஆர்க்காட்டுப் பகுதியில் ‘தசபந்தம்’ என்னும் வழக்கம் இருந்தது. ஏரியை வெட்டியவருக்கோ செப்பனிட்டவருக்கோ, அதனால் விளைந்த நிலவருவாயில் பத்தில் ஒரு பங்கு உரியதாயிற்று. ஏரி நிறைந்தால் அவர் பங்கும் நிறையும். ஏரி தூர்ந்தால் அவர் பங்கும் தூரும்.

ஆயினும் அதனைப் பொற்காலம் என்று போற்றிவிட்டு நின்றுவிடலாகாது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையவரே வாரியத்தில் இடம்பெற முடிந்தது. மண் சுமந்த கைகளுக்கு அந்த அவையில் இடம் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இரண்டாம் விடை பிறந்தது. நிலவருவாயின் பெரும்பகுதி அரசுக்குச் சென்றது. ஏரிக்குத் திரும்பியதோ சிறுபகுதியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த ஒரு கணக்கின்படி, சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் இருந்த ஏரிகளும் கால்வாய்களும் ஏறத்தாழ 53,000. அவற்றுள் 10,000 பழுதுற்றுக் கிடந்தன. அரசு 1858-இல் ஒரு சட்டம் இயற்றி, கரை உடையும் ஆபத்துக் காலத்தில் ஊரார் உழைப்பைக் கட்டாயமாகப் பெறலாம் என்றது. வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தைச் செய்யத் தவறியவரிடம் தண்டம் பெறவும் வழிசெய்தது. வருவாய் அரசுக்கு, மண்வெட்டி குடிகளுக்கு என்றால் அந்த ஏற்பாடு எவ்வாறு நிலைக்கும்? 1876-78 பெரும் பஞ்சத்திற்குப் பின்னரே, 1883-இல் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கியது. ஏரி ஏரியாக அளந்து, கரை, மதகு, கோடி ஆகியவற்றின் அளவுகளைப் பதிந்து, அரசு செலவில் சீர்செய்வது அதன் நோக்கம். நல்ல திட்டமே, ஆனால் பணி பல பத்தாண்டுகள் நீண்டது.

கவனிப்பாரற்ற ஏரி வறட்சியை மட்டுமன்று, அழிவையும் தரவல்லது. 1903 நவம்பரில் பெருமழை பெய்து, மைசூர்ப் பகுதியில் பாலாற்றின் மேல்நிலை ஏரிகள் உடைந்தன. வெள்ளம் வாணியம்பாடியைத் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஓர் ஊர் கரையைக் கட்டாவிடில் இன்னோர் ஊர் மடியும் என்பதை அந்த இரவு உணர்த்தியது. எனவே ஏரிச் செலவை ஒரே ஊரின் கணக்கில் எழுதிவிட முடியாது.

விடுதலைக்குப் பின் அரசே முதன்மையாகச் செலவிட்டது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடமும், பெரியவை பொதுப்பணித்துறையிடமும் இருந்தன. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும், 2007 முதல் உலக வங்கியும் ஏரிச் சீரமைப்புக்கு நிதி உதவின. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. தசபந்தத்தில் ஏரியைக் காத்தவர் பத்தில் ஒன்றைப் பெற்றார். இங்கோ அவரே பத்தில் ஒன்றைத் தரவேண்டியிருந்தது. இந்த மாற்றத்தைச் சிந்தித்துப் பாருங்கள்.

நம் தோல் தொழில் வட்டாரத்திற்கு மற்றொரு கணக்கும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் கழிவில் உப்பும் குரோமியமும் கலந்திருக்கும். அவை நிலத்தடி நீரைக் கெடுத்தன. 1991-இல் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்று அத்தீர்ப்பு குறித்தது. மாசு செய்தவரே இழப்பீட்டையும் சீர்செய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்றும் அது நிலைநாட்டியது. 2025 சனவரியிலும் அந்நீதிமன்றம் இதே வட்டாரத்தைப் பற்றி மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தொழிலால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதும் உண்மை; நீரின்றி அக்குடும்பங்களும் வாழா என்பதும் உண்மை. இதற்கிடையே பாலாற்றங்கரை நகரங்களுக்கு மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அருகிலுள்ள நீரைக் காக்கத் தவறியதன் விலையும் அதில் அடங்கும் அன்றோ?

இன்னும் ஒரு செய்தி. 1971-இல் உருவான இராம்சார் உடன்படிக்கை, மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என ஏற்கிறது. ஏரியாகிய வேடந்தாங்கலே 2022-இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்திற்கென வெட்டியவற்றை ஈரநிலம் என்னும் வரையறையிலிருந்து விலக்கிவைத்தன. நம் ஏரிகளிலோ மீனும் நாரையும் நெல்லும் கிணற்று ஊற்றும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

இவ்வரலாறு காட்டும் உண்மை இதுவே: ஏரியால் பயன் பெறுவோர், கெடுப்போர், காப்போர் ஆகிய மூவரின் கணக்கும் ஒரே ஏட்டில் நேராக எழுதப்படும்போதுதான் நீர் நிற்கும். அரசு தரும் பணம் கரையை உயர்த்தும். வரத்துக் கால்வாயில் குப்பை விழாமல் ஆண்டு முழுதும் காப்பது ஊரார் கண்ணே. உங்கள் ஊர் ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு, கோடி வழியும் நீர் எந்த ஏரிக்குச் செல்கிறது, கடைசியாக எந்த ஆண்டில் எவ்வளவு செலவிட்டுத் தூர் வாரினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். உத்தரமேரூரார் கல்லில் வெட்டியதை நீங்கள் ஏட்டில் எழுதினாலும் போதும். எழுதப்பட்ட கணக்கு, கேள்வி கேட்கும் உரிமையைத் தரும்.