விமானியும் முதிர்ந்த விமானமும்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆம் திகதி, இந்தியாவின் சண்டிகார் விமானத் தளத்தில் ஒரு பிரியாவிடை நடைபெற்றது. மிக்-21 என்னும் போர்விமானம் அறுபத்திரண்டு ஆண்டுச் சேவையின் பின் அன்று ஓய்வு பெற்றது. விமானப்படைத் தளபதி ஏ. பி. சிங் அவர்களும் அவ்விமானம் ஒன்றில் ஏறிப் பறந்தார். 1963ஆம் ஆண்டில் அதே நகரில்தான் இந்தியாவின் முதலாவது மிக்-21 அணி அமைக்கப்பெற்றது. அதற்குத் தலைமை தாங்கிய தில்பாக் சிங், பிற்காலத்தில் விமானப்படையின் தளபதியாக உயர்ந்தார்.

விமானத்தின் முதுமையை ஆண்டுக்கணக்கால் அளப்பவர் பலர். அதனைச் செலுத்தும் விமானிக்கோ வேறோர் அளவுகோல் உண்டு. அது தன்னிடம் எவ்வளவு வேலை வாங்குகின்றது, தான் பிழைவிட்டால் எவ்வளவு பொறுத்துக்கொள்கின்றது என்பவற்றையே அவன் நோக்குவான்.

சோவியத்து நாட்டிலே மிக்கோயான், குரேவிச் ஆகிய இருவர் பெயரால் அமைந்த நிலையத்தில் உருவான மிக்-21, ஒற்றை யந்திரமும் சிறிய முக்கோண இறக்கைகளும் உடையது. ஒலியினும் இருமடங்கு விரைவிற் செல்ல வல்லது. 1971 டிசெம்பர் 14ஆம் திகதி டாக்கா நகரில் ஆளுநர் மாளிகையைத் தாக்கியவை இவ்விமானங்களே. ஆயின், வானத்தில் விரைவு தந்த அச்சிறிய இறக்கையே தரையிறங்கும்போது இடர் தந்தது. வேகம் குறைந்தால் அவ்விறக்கை விமானத்தைத் தாங்காது. ஆதலால் மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடுபாதையைத் தொடவேண்டும். அந்நிலையில் நேரும் சிறு தவற்றையும் திருத்துவதற்கு அவகாசம் மிகக் குறைவு.

மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேரே இத்தகைய விமானத்துக்கு இளைஞர் மாறவேண்டியிருந்தது. இடையில் ஒரு படி இல்லை. அப்படியாக உயர்நிலைப் பயிற்சி ஜெட் விமானம் வேண்டுமென 1982இல் அமைந்த குழு பரிந்துரைத்தது. அத்தகைய ஹோக் விமானம் படையிற் சேர்ந்ததோ 2008ஆம் ஆண்டில். இதற்கிடையே விபத்துக்கள் பெருகின. வாங்கிய 872 மிக் வகை விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை விபத்துக்களில் அழிந்தன என்றும், 171 விமானிகள் உயிரிழந்தனர் என்றும் 2012இல் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி பாராளுமன்றத்தில் தெரிவித்தார். "பறக்கும் சவப்பெட்டி" என்ற பெயரும் மிக்-21க்கு வந்து சேர்ந்தது. அதனை ஓட்டிய விமானிகளுள் பலர் அப்பெயரை ஏற்பதில்லை. தம்மைச் சிறந்த விமானிகளாக்கியது அதுவே என்பது அவர்கள் எண்ணம்.

மிக்-21இன் இடத்தை நிரப்பவென்றே 1980களில் தேஜஸ் விமானத் திட்டம் தொடங்கப்பெற்றது. இதில் விமானியின் கை நேரே இறக்கைப் பகுதிகளை அசைப்பதில்லை. அவன் விருப்பத்தைக் கணினி உணர்ந்து, விமானம் நிலைகுலையாதவாறு அவற்றை இயக்குகின்றது. வேண்டிய விபரங்கள் அவன் கண்ணெதிரே கண்ணாடியிலே தோன்றுகின்றன. விமானத்தை ஓட்டுவதிற் செலவான கவனத்தைப் பகைவனை அறிவதிற் செலுத்த அவனுக்கு இயலுகின்றது. எனினும் புதியது விபத்துக்கு விலக்கன்று. 2024 மார்ச்சில் ஜெய்சால்மருக்கு அருகே ஒரு தேஜஸ் வீழ்ந்தது, விமானி தப்பினார்.

தேஜஸ் முதன்முதல் வானேறியது 2001 சனவரி 4ஆம் திகதி. அதன் முதலாவது அணி அமைந்தது 2016இல். முன்னர் மிக்-21 செலுத்திய 45ஆம் அணியே அது. பின்னர் கோயம்புத்தூருக்கு அருகேயுள்ள சூலூருக்கு இடம் மாறியது. புதியவை வரத் தாமதித்தமையால், பழையவற்றுக்குப் புதிய ரேடாரும் ஏவுகணைகளும் பொருத்திப் பல ஆண்டுகள் பறக்கவிட்டனர். சிறிய இறக்கையும் ஒற்றை யந்திரமும் முன்போலவே இருந்தன.

ஆகவே, மிக்-21இன் வரலாற்றிற் குற்றம் முழுவதையும் விமானத்தின்மேற் சுமத்துதல் முறையன்று. 1963இல் அது காலத்துக்கேற்ற கருவியாகவே வந்தது. இடைப்படியான பயிற்சி விமானமும் மாற்று விமானமும் உரிய காலத்தில் வந்திருப்பின், அது மதிப்போடு முன்னரே ஓய்வு பெற்றிருக்கும். அத்தாமதத்தின் விலையை, திட்டம் வகுத்தவர்களன்றி, விமானத்தில் ஏறிய இளைஞர்களே செலுத்தினர்.